கைக்குள் ஒரு பீடம்

காலையில் டிபன் பாக்ஸை மூடும்போது ஒரு மரத்தின் பெயரைச் சொல்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. கிரேக்கர்கள் 'பிக்ஸோஸ்' என்ற மரத்தில் சிமிழ் செய்து, அந்தச் சிமிழை 'பிக்ஸிஸ்' என்றார்கள். லத்தீனில் மரம் 'புக்ஸுஸ்' ஆனது. சிமிழின் பெயர் கைமாறிக் கைமாறி ஆங்கிலத்தில் 'பாக்ஸ்' என்று நின்றது. பிறகு அட்டை, தகரம், எவர்சில்வர், பிளாஸ்டிக் என்று எதில் செய்தாலும் அது பாக்ஸ்தான். பெயர் கொடுத்த மரமோ ஐரோப்பியத் தோட்டங்களில் இடுப்பளவு வேலிச்செடியாகக் கத்தரி வாங்கிக்கொண்டு நிற்கிறது.

அந்த மரத்தைக் கொண்டு 500 ஆண்டுகளுக்கு முன் நெதர்லாந்துப் பகுதியில் செய்த சில சிமிழ்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எலுமிச்சம்பழ அளவு மரமணி. நடுவில் கீல். திறந்தால் உள்ளே ஒரு கோவில் பீடமே இருக்கிறது. சிலுவை, குதிரை வீரர்கள், ஈட்டிகள், மயங்கிச் சாயும் மாதா, கூட்டத்தில் எட்டிப் பார்க்கிறவர்கள் என்று எல்லாம் மரத்தில். ஈட்டி ஒவ்வொன்றும் ஊசிக் கனம்தான். டச்சுக்காரர்கள் இதைச் 'செபக்கொட்டை' என்கிறார்கள். இதே பட்டறைக் கைவேலையில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் கதவு வைத்த குட்டிப் பீடங்களும் உண்டு. எல்லாம் சேர்த்து இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 130. பெரும்பாலானவை 1500க்கும் 1530க்கும் இடையில் செய்யப்பட்டவை.

பார்த்தவர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: உளி எப்படி உள்ளே போயிற்று? முன்னால் நிற்கும் வீரனின் முதுகுக்குப் பின்னால், அவனுக்கும் பின்னால் நிற்கிறவனின் முகத்தைச் செதுக்க எந்த வழியாகக் கருவியை நுழைத்தார்கள்? ஒரே கட்டையைக் குடைந்து செய்தது, ஒருவன் ஆயுள் முழுவதும் உட்கார்ந்து செய்தது என்றெல்லாம் சொல்வதுண்டு. அப்படிச் சொல்லிவிட்டால் வியப்போடு விஷயம் முடிந்துவிடும். உண்மை அதைவிடச் சுவையானது. அதற்கு முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு தேக்குப் பலகையைக் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள் தெரியும். வேரிலிருந்து நீர் ஏறுகிற குழாய்கள் அவை. ஒவ்வொரு ஆண்டும் வளர்ச்சி தொடங்கும் பருவத்தில் தேக்கு பெரிய குழாய்களாகப் போடும். பருவம் முடியும்போது சிறியவையாகப் போடும். அதனால் மரத்தில் மெத்தென்ற பட்டையும் கெட்டிப் பட்டையும் மாறி மாறி வரும். கதவுக்கும் கட்டிலுக்கும் இதனால் ஒரு குறையும் இல்லை, பார்க்கவும் அழகு. ஆனால் அந்தப் பலகையில் அரிசி அளவு முகம் செதுக்கினால் ஒரு கண் குழாய்க்குள் விழுந்துவிடும்.

பாக்ஸ் மரத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதன் குழாய்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியவை. வளையம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பவை. மிக மெதுவாக வளர்வதால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். உளிக்கு எந்தத் திசையில் போனாலும் ஒரே எதிர்ப்பு. நார் பிரியாது, சில்லு தெறிக்காது. நம் பக்கத்தில் சந்தன மரத்தில் சிற்பம் செதுக்குகிறவர்கள் நேசிக்கும் குணமும் இதுதான். பாக்ஸ் அதைவிடக் கெட்டி. தேக்கைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. ஈரத்தோடு வெட்டிய கட்டையை நீரில் போட்டால் மூழ்கிவிடும். சீப்பு, அளவுகோல், குழல், சதுரங்கக் காய் என்று பல்லும் கோடும் துல்லியமாக இருக்கவேண்டிய பொருள்களுக்கு ஐரோப்பா நெடுங்காலம் இதையே நம்பியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தாமஸ் பீவிக் இந்த மரத்தின் குறுக்கு வெட்டுமுகத்தில் படம் செதுக்கி அச்சடித்துப் புத்தகப் படங்களின் போக்கையே மாற்றினார்.

ஒரே குறை, மரம் பெரிதாகாது. நூற்றாண்டு நின்றாலும் அடிமரம் ஒரு கையில் அணைக்கிற அளவைத் தாண்டுவது அரிது. பெரிய கோவில் பீடத்துக்கு இது உதவாது. கைக்குள் அடங்கும் பீடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. பொருளின் அளவைப் பக்தி பாதி தீர்மானித்தது என்றால், மீதியைத் தீர்மானித்தது இந்தக் கட்டையின் சுற்றளவு என்றே நான் நினைக்கிறேன்.

இனி அந்தப் பக்தி. அந்தக் காலத்து நெதர்லாந்துக் கோவில்களில் பீடத்துக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலே மரச்சிற்பத் தொகுதி நிற்கும். நடுவில் ஒரு பெரிய காட்சி, இரண்டு பக்கமும் கதவுகள். சாதாரண நாளில் கதவுகள் மூடியிருக்கும். திருநாளன்று திறந்தால் உள்ளே தங்கமும் வண்ணமும் பளீரென்று அடிக்கும். மூடியிருப்பதும் திறப்பதும் வழிபாட்டின் பகுதி. நடை சாத்துவதும் திறப்பதும் தெரிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதவைத் திறப்பவர் கோவில்காரர். ஊர் கூடிப் பார்க்கும்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டெவென்டர் நகரின் கேர்ட் குரோட்டே தொடங்கிவைத்த ஒரு பக்தி இயக்கம் அந்தப் பகுதியில் பரவிவிட்டது. ஆரவாரமான சடங்கைவிடத் தனியே உட்கார்ந்து கிறிஸ்துவின் வாழ்வை மனத்தில் காட்சியாக நிறுத்திப் பார்ப்பதே மேல் என்றது அது. 1475இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் யாக்கோப் ஸ்ப்ரெங்கர் செபமாலைச் சபையைத் தொடங்கினார். அதன்பின் செபமாலை வீட்டுக்கு வீடு வந்தது. மணியை உருட்டிக்கொண்டே மறைபொருளைத் தியானிப்பது என்றால் கண்ணுக்குள் ஒரு காட்சி வேண்டும். அந்தக் காட்சியை மணிக்குள்ளேயே வைத்துவிட்டால்?

ஒரு மணியை நெருங்கிப் பார்க்கலாம். நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது அது. குறுக்களவு ஏறக்குறைய 5 செ.மீ. மூடியிருக்கும்போது வெளிப்புறம் முழுவதும் கோதிக் கோவில் சன்னல்களைப் போலத் துளையிட்ட வேலைப்பாடு. இதற்கே ஒருவர் கை வலித்திருக்கும். கீலைத் திறந்தால் கீழ்க்கிண்ணத்தில் சிலுவைக் காட்சி, நேராகக் கண்ணில் படும்படி. மேல்கிண்ணத்திலோ இன்னும் இரண்டு குட்டிக் கதவுகள். நகம் வைத்து அவற்றையும் திறந்தால் மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவை வணங்குகிறார்கள். மணிக்குள் பீடம், பீடத்துக்குள் கதவு. திறக்கத் திறக்க இன்னும் உள்ளே போகலாம்.

அந்தக் காட்சி ஆழமாகத் தெரிவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. உள்ளே தரை சமதளம் அல்ல. பின்னால் போகப் போக மேலேறுகிறது. கொலுப்படியில் பின்வரிசைப் பொம்மையும் தெரிகிறதே, அதே உபாயம். முன்வரிசை உருவங்கள் பின்னணியை விட்டு முற்றிலும் விலகி நிற்கும்; பின்வரிசை வெறும் புடைப்பு; அதற்கும் பின்னால் மலையும் நகரமும் கீறல் அளவில். மொத்த ஆழம் ஒன்றிரண்டு செ.மீ.தான், கண் அதை ஒரு மைலாக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் வண்ணமும் கிடையாது. தேன் நிற மரமும் நிழலும் மட்டுமே. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையைச் சற்று அசைத்தால் நிழல்கள் நகரும், கூட்டம் அசையும். இதை இரண்டு பேர் சேர்ந்து பார்க்க முடியாது. கண்ணுக்கு அருகே கொண்டுவந்து ஒருவர்தான் பார்க்கலாம்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் குட்டிப் பீடம் இதன் பெரிய உடன்பிறப்பு. பெரியது என்றாலும் உயரம் 25 செ.மீ.தான், பள்ளிப் பிள்ளையின் அளவுகோலைவிடக் குறைவு. ஆண்டு 1511. அடுக்கடுக்கான பீடத்தின் உச்சியில் மூன்று மடிப்புக் காட்சி: நடுவில் சிலுவை, ஒரு கதவில் இயேசு சிலுவை சுமக்கிறார், மறு கதவில் உயிர்த்தெழுகிறார். கோவிலில் ஆளுயரத்தில் நிற்பதை அப்படியே மேசைமேல் வைத்தாயிற்று. ஃபெர்டினாண்ட் ரோத்ஸ்சைல்ட் பிரபு 1898இல் இறந்தபோது எழுதிவைத்த உயிலின்படி அது அருங்காட்சியகத்துக்கு வந்தது.

சரி, உளி எப்படி உள்ளே போயிற்று?

இந்த வகைப் பொருள்களின் உலகிலேயே பெரிய தொகுப்பு கனடாவின் டொராண்டோவில், ஆன்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அங்கே பாதுகாப்பு நிபுணர் லிசா எல்லிஸுக்கும் கலை வரலாற்றாளர் அலெக்ஸாண்ட்ரா சூடாவுக்கும் இதே கேள்வி எழுந்தது. பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. பிரியும் என்பதற்கே அடையாளம் இல்லை. பிரித்தால் திரும்பச் சேருமா என்பதும் தெரியாது. மரத்தை உடைக்காமல் உள்ளே பார்க்க நுண் சி.டி. ஸ்கேனுக்குப் போனார்கள். வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ நெல்சன் ஸ்கேன் செய்தார். அவர் மானுடவியலாளர். எகிப்திய மம்மிகளைத் துணி கலைக்காமல் ஸ்கேனில் ஆராய்ந்தவர். செபக்கொட்டையும் அவருக்கு ஒரு வகையில் மம்மிதான்.

ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேனில் நாம் அசையாமல் படுத்திருக்க, எக்ஸ்-ரே குழல் நம்மைச் சுற்றும். நுண் சி.டி.யில் தலைகீழ்: எக்ஸ்-ரே ஊற்று நிலையாக இருக்கும், பொருள் ஒரு சின்ன மேடையில் மெல்லச் சுழலும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் நிழற்படங்கள் எடுப்பார்கள். கரண்ட் போன இரவில் மெழுகுவர்த்திக்கு அருகே கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் யானை அளவுக்குப் பெருகுமே, அதுபோல் பொருளை எக்ஸ்-ரே ஊற்றுக்கு நெருக்கமாக வைத்தால் நிழல் பெரிதாகும், நுணுக்கம் கூடும். ஊற்று எவ்வளவுக்கு ஒரு புள்ளியாகச் சிறுத்திருக்கிறதோ அவ்வளவுக்கு நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். எல்லாக் கோணத்து நிழல்களையும் கணினி சேர்த்துக் கணக்குப் போட்டு, பொருளின் ஒவ்வொரு நுண்புள்ளியும் எவ்வளவு எக்ஸ்-ரேயை விழுங்கியது என்று சொல்லும். பிறகு திரையில் எங்கே வேண்டுமானாலும் அறுத்துப் பார்க்கலாம். மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

மரத்தின்மேல் மரம் ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில்தானே தெரியும், எப்படிப் பிரித்தறிவது? இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று, எவ்வளவு நெருக்கிப் பொருத்தினாலும் இடையில் மயிரிழை அளவு காற்று இருக்கும். ஸ்கேனில் அது கருங்கோடு. இரண்டாவது, ஆண்டு வளையங்கள். ஒரே கட்டை என்றால் வளையக் கோடு இந்த உருவத்திலிருந்து பக்கத்து உருவத்துக்குத் தொடர வேண்டும். பாதியில் நின்று வேறு திசையில் ஓடினால் அது வேறு துண்டு. தொல்லை தருவது உலோகம். பல்லில் உலோகம் அடைத்தவருக்குத் தலை ஸ்கேன் எடுத்தால் படத்தில் நட்சத்திரம்போல் கீற்றுகள் சிதறும். வெள்ளியோ தங்கமோ பூட்டிய மணியிலும் அதே கதை.

திரையில் மணியைப் பிரித்துப் போட்டபோது தெரிந்தது இது: ஒரே கட்டை இல்லை. வெளி ஓடு தனி. உள்ளே இருக்கும் காட்சி தனி வட்டுகளில் செதுக்கி, ஓட்டுக்குள் அடுக்கிப் பொருத்தியது. முன்வரிசை ஆட்கள் சிலர் தனித்தனியாகச் செதுக்கிக் கடைசியில் நட்டவர்கள். அவர்களைப் பிடித்து நிறுத்த மரமுளைகள் உண்டு. அவற்றில் சில புல்விதையைவிடச் சிறியவை. ஒவ்வொரு அடுக்கையும் கையில் எடுத்துத் திருப்பி, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் செதுக்கியிருக்கிறார்கள். வீரனின் முதுகுக்குப் பின்னால் உளி நுழைந்த மர்மம் அவ்வளவுதான். உளி நுழைந்தபோது அங்கே வீரனே இல்லை.

இதைக் கேட்டுச் சிலர் ஏமாந்துபோகலாம். எனக்கு மதிப்பு கூடியது. செதுக்குவதைவிட மறைப்பது கடினம். எந்த இணைப்பும் ஒரு மடிப்பின் நிழலிலோ கம்பத்தின் ஓரத்திலோ விழும்படி முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அதற்கும் மேலே ஒரு சிக்கல்: மரம் சாகாது என்று தச்சர்கள் சொல்வது சும்மா இல்லை. மழைக்காலத்தில் கதவு இறுகுவதும் கோடையில் தளர்வதும் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே. ஈரம் போகும்போது மரம் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருண்டைக் கட்டை காய்ந்தால் நடுவரை வெடிப்பது இதனால்தான். ஒரே கட்டையில் குடைந்திருந்தால் 500 ஆண்டில் எத்தனை சிலுவை முறிந்திருக்குமோ. தனித்தனித் துண்டு என்றால் ஒவ்வொன்றும் தன் அளவில் கொஞ்சம் அசைந்துகொள்ளும். நன்றாக ஆறவைத்த கட்டை, மெல்லிய ஓடு, துண்டு துண்டான உள்வேலை: கண்ணுக்காகச் செய்த தந்திரமே மரத்தின் ஆயுளையும் காப்பாற்றியிருக்க வேண்டும்.

ஓட்டின் உருண்டை கடைசலில் வந்தது. மற்றதெல்லாம் சிறு உளி, துளைக்கருவி, ரம்பம், அரம். பொற்கொல்லர் பட்டறையில் கிடக்கும் சாமான்கள் மாதிரிதான். லென்ஸ் இருந்ததா? மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியில் வந்துவிட்டது. 1436இல் புரூஜ் நகரில் யான் வான் ஐக் முடித்த ஓவியத்தில் ஒரு குரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆகவே பெரிதாக்கிப் பார்க்கும் வசதி அந்தப் பட்டறைக்கு எட்டாததல்ல.

ஆயுள் முழுவதும் ஒரு மணி என்ற கதையையும் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 30 ஆண்டுகள், மிஞ்சியவை மட்டும் 130. அதாவது ஆண்டுக்கு நாலுக்குக் குறையாமல். தொலைந்தவை, எரிந்தவை தனி. ஒருவர் கையால் நடக்கிற காரியம் இல்லை. ஒருவர் ஓடு கடைய, ஒருவர் சன்னல் வேலை துளைக்க, கைதேர்ந்தவர் முகங்களைச் செதுக்க, கடைசியில் பொருத்தியிருக்க வேண்டும். துண்டு துண்டாகச் செய்வதில் பட்டறைக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒரு மூக்கு உடைந்தால் ஒரு ஆளைத்தான் மறுபடி செதுக்க வேண்டும், முழு மணியையும் தூக்கி எறிய வேண்டாம்.

வாங்கியவர்கள் ஏழைகள் அல்லர். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் இதே வேலைப்பாட்டில் முழுச் செபமாலை ஒன்று இருக்கிறது: அருள் நிறை மந்திரத்துக்குப் பத்து மணி, பரலோக மந்திரத்துக்குத் திறந்து மூடும் ஒரு பெரிய மணி. அதில் எட்டாம் ஹென்றி, அவருடைய முதல் மனைவி அரகோனின் கேத்தரின் ஆகியோரின் அடையாளங்கள் இருக்கின்றன. கேத்தரினைத் தள்ளிவைக்க ரோமோடு உறவை முறித்துக்கொண்டு, நாட்டின் மதத்தையே மாற்றிய அதே ஹென்றி. தம்பதி பெயரில் செய்த அந்தச் செபமாலை இருவரின் உறவையும் தாண்டி நிற்கிறது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு மணிக்கு அன்றைய செம்பு உறையும் வெல்வெட் சுருக்குப்பையும்கூட அப்படியே கிடைத்திருக்கின்றன. இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர் பார்க்கத்தானே செய்வார்கள். தனிச்செபத்துக்கான பொருள் என்பது உண்மை. அந்தஸ்தைக் காட்டும் பொருள் என்பதும் உண்மை.

1517இல் மார்ட்டின் லூத்தர் கிளப்பிய மதச் சீர்திருத்தப் புயல் இந்தச் சந்தையைச் சும்மா விடவில்லை. 1530ஐ ஒட்டி வேலை நின்றுபோனது. 1566இல் நெதர்லாந்து நகரங்களில் கூட்டம் கோவில்களுக்குள் புகுந்து சுரூபங்களையும் பீடங்களையும் உடைத்துத் தள்ளியது. ஆளுயரப் பீடங்கள் ஒளிய இடமின்றி விழுந்தன. பைக்குள் இருந்த பீடத்தை யார் தேடினார்கள்? பிறகு அவை அரசர்களின் அரும்பொருள் அலமாரிகளுக்குப் போயின. பின்னாளில் ரோத்ஸ்சைல்ட், பியர்பான்ட் மார்கன் போன்ற பெரும்பணக்காரர்களின் கைக்கு வந்தன. 2016 இறுதியிலிருந்து 2017 வரை டொராண்டோ, நியூயார்க், ஆம்ஸ்டர்டாம் என்று மூன்று ஊர்களில் நடந்த கண்காட்சியில் பல ஒன்றாகச் சேர்ந்தன. மணிக்குள் நுழைந்து அந்தக் கூட்டத்துக்கு நடுவே நிற்கிற அனுபவத்தை, ஸ்கேன் படங்களைக் கொண்டு மெய்நிகர் கண்ணாடியில் காட்டினார்கள். கேர்ட் குரோட்டேயின் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு இலவசமாகச் செய்த காரியம்.

செய்தவர் யார்? ஆம்ஸ்டர்டாம் அறிஞர் ஃப்ரிட்ஸ் ஸ்கோல்டன் பட்டறை டெல்ஃப்ட் நகரில் இருந்திருக்கலாம் என்கிறார். வரிக்கணக்கு, சங்கப் பதிவேடு எதிலும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. 130 பொருள்களில் ஒரே ஒரு மணியில்தான் கையெழுத்து இருக்கிறது. அது கோபன்ஹேகனில் இருக்கிறது. லத்தீனில் நான்கே சொற்கள், பேசுவது மணி: தியோதரிக்கின் ஆதாம் என்னைச் செய்தான். தியோதரிக் என்பது டச்சுப் பெயர் டிர்க்கின் லத்தீன் உருவம். அந்தக் காலத்து டச்சுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கட்டாயமில்லை, அப்பா பெயர் போதும். அதனால் கலை வரலாற்றாளர்கள் அவரை ஆதாம் டிர்க்ஸ் என்று அழைக்கிறார்கள், டிர்க்கின் மகன் ஆதாம் என்ற பொருளில். நம் ஊர் ரேஷன் கார்டில் எழுதுவதானால், டி. ஆதாம்.